மூதூருக்கு லோஞ்சில் போன குளிசை

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள், வாங்க வந்த சாமானை மூன்றாவதாகத்தான் கேட்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. முதலில் தைலம் ஒரு போத்தல். அடுத்து இருமலுக்கு ஏதாவது. பிறகு கடைக்குள் வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒரு பார்வை. அதன்பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ், மற்றது இருக்குதோ?" என்று வரும்.

மற்றது என்றால் எங்கள் கடையில் அவசர கருத்தடைக் குளிசை. ஆணுறை கிழிந்துபோனவர்கள், வழமையாகப் போடுகிற குளிசையை மறந்தவர்கள், ஊசித் திகதியைத் தவறவிட்டவர்கள், தங்கள் விருப்பமில்லாமல் நடந்துவிட்டதற்கு ஆளாகி வாய் திறக்க முடியாமல் நிற்கிறவர்கள் என்று எல்லாரும் அதற்காக வருவார்கள். ஒரு குளிசைதான். எவ்வளவு வேளைக்குப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது, மூன்று நாளுக்குள் போட்டுவிட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அவர்கள் கேட்டு முடிப்பதற்குத்தான் அரை மணித்தியாலம் எடுக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடை திருகோணமலை உள்துறைமுகத்தில், லோஞ்ச் என்கிற பயணிகள் மோட்டார்ப் படகு வந்து கட்டுகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. முதலாளி காசிம் நானா, கிண்ணியாக்காரர். நான் ஓர்ஸ் ஹில்லிலிருந்து நடந்தே வருவேன். ஒரு மின்விசிறி, இரண்டு கதிரைகள், மருந்து அடுக்குகிற, கடல் உப்பில் துருப்பிடித்த இறாக்கைகள். இப்போது நானா இல்லை. அவருடைய மகன் கடையைப் பெருந்தெருப் பக்கம் மாற்றி, கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் போட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பழைய கடைதான் இன்னும் கனவில் வருகிறது. அதிலும் சுபைதா என்கிற பெண் ஈரச் சேலையோடு உள்ளே வந்த அந்த மார்கழி மாதம். பெயரை மாற்றியிருக்கிறேன், தொழிலுக்கு அது அழகு. அவளுக்கு அன்று அந்தக் குளிசை வேலை செய்யாவிட்டால் அவள் உயிருக்கே ஆபத்து என்ற நிலை. அவளிடம் போவதற்கு முதல், அந்தக் கடையில் இந்த வியாபாரம் எந்த லட்சணத்தில் நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

புல்மோட்டையில் கிடைக்காத தைலம்

இந்தக் குளிசையை எவரும் சொந்த ஊரில் வாங்குவதில்லை. கிண்ணியா ஆள் டவுனுக்கு வருவார். டவுன் ஆள் கிண்ணியாவுக்குப் போவார். இரண்டு பேரும் வழியில் சந்தித்தால் "சும்மா ஒரு அலுவல்" என்று சொல்லிக்கொண்டு பிரிவார்கள். இதில் மானம் தப்புகிறது, சரி. ஆனால் சொந்த ஊர்க் கடைக்காரருக்கு உங்கள் வீட்டில் யார் என்ன மருந்து போடுகிறார்கள் என்று தெரியும். எங்களுக்குத் தெரியாது. அதனால் நான் துருவித் துருவிக் கேட்பேன். எப்போது நடந்தது, கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, வேறு ஏதாவது மருந்து போடுகிறவரா. வலிப்புக்கும் காசநோய்க்கும் கொடுக்கிற சில மருந்துகள் இந்தக் குளிசையின் பலத்தைத் தின்றுவிடும்.

ஒருநாள் புல்மோட்டை மணல் ஆலையில் வேலை செய்கிற ஒருவர் மனைவிக்காக வந்தார். தைலம், இருமல் மருந்து, மற்றது, எல்லாம் ஒழுங்குப்படி நடந்தது. என் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான் மனைவி பல வருடமாக வலிப்புக்குக் குளிசை போடுகிறார் என்பது தெரிந்தது. "அப்ப இந்த ஒண்டு அவவுக்குக் காணாது. இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஐஞ்சு நாளுக்குள்ள கருப்பையில லூப் போட்டா இதைவிட நல்ல பலன்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, வாசலில் இன்னொருவர் வந்து நின்றார். பார்த்தால் இவருடைய பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு பேருடைய முகத்திலும் இரத்தம் இல்லை. வந்தவர் என்னிடம் தைலம் கேட்டார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல் எடுத்துக் கொடுத்தேன். முதல் ஆள் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் என்பதைப் பிறகு அறிந்தேன். இரண்டாவது ஆள் முதல் ஆளின் பஸ் வெளிக்கிட்டதும் திரும்பி வந்து மற்றதை வாங்கிப் போனார். ஆனால் அந்த நேரத்தில், இருவரும் ஆளுக்கொரு தைலப் போத்தலைப் பிடித்தபடி நிற்க, முதல் ஆள் கடை முழுக்கக் கேட்கும்படி எனக்கு விளக்கம் சொன்னார்: "புல்மோட்டையில தைலம் தட்டுப்பாடு மிஸ், அதான் ரெண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்த."

பேப்பரில் சுற்றுகிற மரியாதை

காசிம் நானா நல்ல மனிதர். வாங்க வருகிறவர்களின் மானம் தன் மானம் என்று நினைப்பவர். அதனால் இந்தக் குளிசையை மட்டும் வெறும் என்வலப்பில் போட்டுக் கொடுக்க விடமாட்டார். பழைய தினசரித் தாள் ஒன்றில் வைத்து, மடித்து, நூலால் கட்டித்தான் கொடுக்க வேண்டும். மற்ற மருந்தெல்லாம் வெள்ளை என்வலப்பில் போகும், இது மட்டும் கருவாட்டுப் பார்சல் போலப் போகும். குளிசையோ சுண்டுவிரல் நகத்தளவு. பார்சலோ உள்ளங்கை அளவு.

"நானா, இப்பிடிக் கட்டினாத்தான் எல்லாருக்கும் தெரியும்" என்று நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "கெட்டிக்காரி கதை கதைக்காதிங்க ரெஜினா, மரியாத எண்டு ஒண்டு இரிக்கு" என்பார். கடைசியில் அவரை மாற்றியது நானல்ல, ஜெட்டியடியில் மீன் விற்கிற பிலோமினா அக்கா. ஒருநாள் தலையிடிக்குக் குளிசை வாங்க வந்தாள். வெள்ளை என்வலப் முடிந்துபோயிருந்ததால் நானா அதையும் தினசரித் தாளில் சுற்றி நீட்டினார். அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ நானா, எனக்கு வெறுங்கையில தாங்கோ. உங்கட கடையில பேப்பர் சுத்திக் குடுத்தா என்ன சாமான் எண்டு ஜெட்டியில படுத்திருக்கிற நாய்க்கும் தெரியும்."

அந்தோனி மாஸ்டரின் கோபம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அந்தோனி மாஸ்டர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் படியிறங்கும்போது மறித்தார். "ரெஜினா, நீர் கருவைக் கலைக்கிற குளிசை விக்கிறீராம். அதோட வந்து அல்லேலூயா பாடுறீர்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெயில், பசி, அதற்குமேல் இது. பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் வைத்துவிட்டு அந்த இடத்திலேயே பாடம் எடுத்தேன்.

"மாஸ்டர், மாசத்தில ஒருக்காத்தான் பொம்பிளையின்ர முட்டை வெளிக்கிடும். ஆம்பிளையின்ர விந்து உள்ளுக்க ஐஞ்சு நாள் மட்டும் உயிரோட காத்திருக்கும். ரெண்டும் சந்திச்சாத்தானே பிள்ளை. இந்தக் குளிசை முட்டையை வெளிக்கிட விடாமச் சுணக்கும். லோஞ்சை ஜெட்டியில கட்டி வைக்கிற மாதிரி எண்டு வையுங்கோ. காத்திருக்கிற ஆக்கள் பாத்துப் பாத்துக் களைச்சுப் போவினம். ஆனா லோஞ்ச் வெளிக்கிட்டாப் பிறகு இந்தக் குளிசையால திருப்பிக் கூப்பிட ஏலாது. பிள்ளை தங்கியிருந்தா இது கலைக்கவும் மாட்டுது, அந்தப் பிள்ளைக்குக் கெடுதி செய்யவும் மாட்டுது. அதாலதான் வேளைக்குப் போடுங்கோ எண்டு நான் கத்துறன்." திருச்சபைக்கு இதிலும் சம்மதமில்லை என்பது எனக்குத் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். இருந்தாலும் செய்யாத கொலைக்கு நான் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? மாஸ்டர் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். "சரி சரி, உது பாவமோ இல்லையோ எண்டு பங்குச் சுவாமியிட்டக் கேப்பம். ஆனா உவ்வளவு விளக்கம் எனக்குக் கலியாணம் கட்டேக்க ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

வாடிக்குப் போகிற மனிதன்

இறக்கக்கண்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கலியாணம் முடித்துச் சில மாதம். புருஷன் கடற்தொழில், பருவத்துக்கு வடக்குப் பக்கம் கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டுத் தங்குவான், நினைத்த நேரம் வருவான், நினைத்த நேரம் போவான். அவள் தைலமும் கேட்கவில்லை, இருமல் மருந்தும் கேட்கவில்லை. "மிஸ், அந்தக் குளிசையில ஒரு அஞ்சாறு தாங்கோ, அலுமாரியில வைக்க" என்றாள். அந்த நேர்மைக்காகவே அவளைக் கதிரையில் இருத்தி வைத்துக் கதைத்தேன். அவசரத்துக்கு வீட்டில் ஒன்று இருப்பது தப்பில்லை. ஆனால் இதையே வழமையாகப் பாவித்தால் மாதவிடாய் முன்பின்னாகி, வருமோ வராதோ என்று நெஞ்சிடி பிடித்துத் திரிய வேண்டிவரும். ஒழுங்காகப் போடுகிற குளிசையோ ஊசியோ தருகிற பாதுகாப்பும் இதில் இல்லை. இன்றைக்குப் போட்ட குளிசை நாளைக்கு நடப்பதற்குக் காவலும் இல்லை. இதனால் மலடாகிவிடுவாய் என்று ஊர் சொல்வது மட்டும் சுத்தப் பொய்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். கிளினிக்கில் தினசரிக் குளிசை இலவசமாகத் தருவார்கள் என்று நான் சொன்னதும்தான் முகம் மாறியது. அன்று ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள், அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போய் மூன்று மாத ஊசிக்குச் சம்மதித்தாள். ஆனாலும் அன்று எழும்பிப் போகும்போது வாசலில் திரும்பி நின்று கேட்டாள்: "வீட்டில இல்லாத மனிசனுக்காக நான் ஒவ்வொரு நாளும் குளிசை விழுங்கோணுமோ மிஸ்?"

வாடைக்காற்றில் வந்தவள்

இனிச் சுபைதா. அப்போது மூதூருக்குத் தரைப்பாதையில் பாலங்கள் முடியவில்லை. கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் போவதுதான் லேசான வழி. லேசு என்பது அமைதியான மாதங்களுக்கு. மார்கழியில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் லோஞ்சுக்குள் இருக்கிறவர்கள் எல்லாரும், எந்த மதமானாலும், ஒரே நேரத்தில் கடவுளைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சேலைக் கரை நனைந்து கையில் தேசிக்காயோடு அவள் கடைக்குள் வந்தாள். எலுமிச்சை வாசம் குமட்டலை அடக்குமே. வரும்போதே இரண்டு தரம் வாந்தி எடுத்ததாகச் சொன்னாள். தைலம் கேட்கவில்லை. அழத்தான் தொடங்கினாள்.

மூன்று பிள்ளைகள், மூன்றும் சத்திரசிகிச்சை. கடைசிப் பிள்ளைக்கு ஏழு மாதம், இன்னும் பால் குடிக்கிறது. அந்தப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் அவளைப் பிழைக்க வைத்ததே பெரும்பாடு. இனி ஒன்று தங்கினால் உங்கள் உயிருக்குப் பொறுப்புச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். புருஷனும் பயந்தவன், கவனமாகத்தான் இருந்தான். முதல்நாள் இரவு உறை கிழிந்துவிட்டது. மூதூரில் மருந்துக்கடை வைத்திருப்பது அவளுடைய மச்சான். கிளினிக் இனித் திங்கட்கிழமைதான். பிள்ளைக்குத் தடுப்பு மருந்து விசாரிக்கப் போகிறேன் என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு, பிள்ளையை அயல்வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பால் கொடுக்கிறவர்களும் இதைப் போடலாம் என்று சொன்னதும் கண்ணைத் துடைத்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போய் லூப் போடச் சொன்னேன். அடுத்த லோஞ்சில் போகாவிட்டால் வீட்டில் தேடுவார்கள் என்றாள். "அப்ப குளிசையை மூதூரில இறங்கி, வயிறு அமர்ந்தாப் பிறகு போடுங்கோ. இதைப் போட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொண்டு போட வேணும்" என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் என் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, என் கண்முன்னாலேயே குளிசையை விழுங்கிவிட்டாள். "எங்கட மாமி பொல்லாத மனிசி மிஸ். வீட்டுல நான் தண்ணி குடிச்சாலே, எதுக்கு மகள் இப்ப தண்ணி எண்டு கேப்பா."

கிரைப் வாட்டர் பெட்டி

வாந்திக்கும் ஒரு குளிசை கொடுத்து அனுப்பினேன். வாடைக்காற்றுக்கு அது எந்த மூலைக்கு? பின்னேரம் கடைத் தொலைபேசி அடித்தது. "மிஸ், நடுக் கடலுல வாந்தி எடுத்துட்டன்" என்றாள். லோஞ்ச் ஏறி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லையாம். இன்னொரு குளிசை வேண்டும், ஆனால் அவள் மறுபடி லோஞ்ச் ஏறினால் அதையும் கடல்தான் குடிக்கும். வீட்டிலும் வாந்தி நிற்கவில்லை. மாமியார் அவளை ஒரு மாதிரிப் பார்க்கிறாராம். மருமகள் வாந்தி எடுத்தால் மாமியார்களுக்கு ஒரே அர்த்தம்தானே.

அந்தக் காலத்தில் மூதூருக்கு எதையும் லோஞ்சுக்காரரிடம் கொடுத்துவிடலாம். கலியாணச் சேலை, கேக், கண்ணாடி, காய்ச்சல் மருந்து, எல்லாம் போகும். அக்கரையில் ஆள் வந்து பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை, உள்ளே என்ன இருக்கிறது என்று லோஞ்சுக்காரருக்குச் சொல்ல வேண்டும். மீன் தண்ணீர் ஒழுகிச் சேலை நாறிய அனுபவம் அவருக்கு. பேப்பர் சுற்றி அனுப்பினால் சொல்லவே தேவையில்லை, எங்கள் கடைப் பேப்பரின் புகழ் அவருக்கும் தெரியும். நான் கைக்குழந்தைகளின் வயிற்றுவலிக்குக் கொடுக்கிற கிரைப் வாட்டர் பெட்டி ஒன்றைத் திறந்து, போத்தலுக்கு அடியில் குளிசை என்வலப்பை வைத்தேன். பிள்ளைக்குப் போய்விடக் கூடாது என்று என்வலப்பில் பெரிய எழுத்தில் "தாய்க்கு மட்டும், உடனே" என்று எழுதினேன். சனிக்கிழமைக் காலை லோஞ்சில் பெட்டி போனது. பிள்ளைக்கு மருந்து வருகிறது என்று வீட்டில் சொல்லி, தானே ஜெட்டிக்குப் போய் எடுப்பதாகச் சுபைதா ஏற்பாடு.

பத்து மணிபோல் தொலைபேசி அடித்தது. எடுத்தால் காற்றுச் சத்தம். அதற்குள் தடித்த ஒரு குரல், "நான் சுபைதாட மாமி, ஜெட்டியில நிண்டு கதைக்கன்" என்றது. சுபைதா படுத்துக் கிடக்கிறாள், எழும்ப முடியவில்லை, அதனால் தானே ஜெட்டிக்கு வந்ததாகச் சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்தாராம், என்வலப்பில் இருந்த கடைத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கிறாராம். நான், "அவவின்ர மருந்தைப் பற்றி அவவோடதான் கதைப்பன், குறை நினையாதேங்கோ" என்றேன். "அவட கதைய நான் கேக்கல்ல. இந்தக் குளிசை வயித்துல இரிக்கிற புள்ளயக் கொல்லுமா, அத மட்டும் செல்லுங்க" என்றார். கொல்லாது என்றேன். அந்தோனி மாஸ்டருக்குச் சொன்ன லோஞ்சுக் கதையையே சொன்னேன். இன்னும் தங்காததைத் தங்கவிடாமல் பார்க்கும், தங்கினதை ஒன்றும் செய்யாது. காற்று மட்டும் இரைந்தது. பெட்டியைக் கடலில் எறியப் போகிறார், அதோடு சுபைதாவின் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பிறகு அந்தக் குரல் ஒரு சாமான் விசாரிக்கிற மாதிரிக் கேட்டது: "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

எது வந்ததென்று தெரியாத லோஞ்சுக்காரர்

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. மாதவிடாய் வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வாரம் பிந்தினால் பரிசோதிக்க வேண்டும் என்று சுபைதாவிடம் முதல்நாளே சொல்லியிருந்தேன். முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம், அதற்குப் பயப்படாதீர்கள் என்றும் சொல்லியிருந்தேன். பயப்படாதீர்கள் என்று சொன்ன நான்தான் பயந்து செத்தேன். கடல் கொந்தளித்து லோஞ்ச் பல நாள் ஓடவில்லை. நானாகத் தொலைபேசி எடுக்கக் கூடாது, யார் எடுப்பார்களோ தெரியாது. நத்தார் வந்தது, போனது. கொயரில் நின்று கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும்போதுகூட மூதூர்ப் பக்கம்தான் கண் போனது. காசிம் நானாவும் ஒன்றும் கேட்காமல், காலையில் வந்ததும் முதல் வேலையாக லோஞ்ச் ஓடுகிறதா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

தைப்பொங்கல் முடிந்த பிறகுதான் கடல் அடங்கியது. முதல் நாள் லோஞ்சிலேயே லோஞ்சுக்காரர் கடைக்கு ஏறி வந்தார். கையில் வாழை இலையால் மூடிக் கட்டிய எருமைத் தயிர்ச் சட்டி. அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சுபைதாட மாமி தந்துவிட்ட. 'அது வந்துட்டு' எண்டு மிஸ்ஸிட்டச் செல்லட்டாம். எது வந்த எண்டு கேட்டதுக்கு என்னப் புடிச்சு ஏசுறா மிஸ்."

பாலத்தால் வந்தவள்

இப்போது பாலங்கள் எல்லாம் வந்துவிட்டன. மூதூர் பஸ்ஸில் ஏறினால் தேசிக்காய் இல்லாமல் வந்து சேரலாம். எங்கள் புதுக் கடைக்கு வருகிற இளம் பிள்ளைகள் தைலமும் கேட்பதில்லை, இருமல் மருந்தும் கேட்பதில்லை. கைத்தொலைபேசியில் குளிசையின் இரசாயனப் பெயரைக் காட்டி, "இது ஒண்டு தாங்கோ அக்கா" என்கிறார்கள். நல்லதுதான். எத்தனை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும் என்று எனக்கே சொல்கிறார்கள். நோய்த் தொற்றுக்கு இது காவல் இல்லை, அதற்கு உறைதான் வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கும்போது கண்ணாடிக் கதவு சாத்திவிடும். அந்த அரை மணித்தியாலத் தவிப்பையும் பொய்த் தைலத்தையும் என் மனம் இப்போது தேடுகிறது. வெட்கத்தில் நின்றவர்கள் என்றாலும் அவர்கள் நின்றார்கள், நானும் நாலு விஷயம் சொன்னேன்.

போன மாதம் சுபைதா வந்தாள். வருடத்துக்கு ஒரு தரமாவது வந்து முகம் காட்டிவிட்டுப் போவாள். அந்த வாடைக்குப் பிறகு லூப் போட்டு, பிறகு அதையும் எடுத்துவிட்டு, இப்போது அந்தக் கவலையெல்லாம் தாண்டிய வயது. முகம் வாடியிருந்தது. மாமி மௌத்தாகி நாற்பதாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது என்றாள். எனக்கு மனம் கனத்துப் போனது. நான் அந்த மனிசியை ஒரு தரமும் நேரில் கண்டதில்லை. கடைசிவரை மாமி அந்தக் குளிசையைப் பற்றி வீட்டில் வேறு ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையாம். "அவ அந்த ஜெட்டிப் பக்கமே போறல்ல மிஸ். அவட மூத்த மகள், என்ட மதினி, நாலாவது புள்ளயப் பெற வலி வந்து, வாடைக்குள்ள லோஞ்சில ஆசுபத்திரிக்குக் கொண்டுவரக்குள்ள நடுக் கடலுல மௌத்தாப் போன. அதுக்குப் பிறகு மாமி கடலப் பாத்த நாள் அந்தச் சனிக்கிழமை மட்டும்தான்."

கவுண்டரைச் சுற்றி வெளியே போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற ஒரு பொடியன் கைத்தொலைபேசியை நீட்டியபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாமியாரிடம் ஏன் அன்று ஒன்றும் கேட்கவில்லை என்று கடைசிக் காலத்தில் சுபைதா கேட்டாளாம். படுக்கையில் கிடந்தபடி அவர் சொன்னதைச் சுபைதா அப்படியே எனக்குச் சொன்னாள்: "'மகள அந்தக் கடலுக்குக் குடுத்திட்டன். மருமகளயாவது கரையில வச்சிருப்பம் எண்டுதான் அண்டைக்கு ஜெட்டிக்குப் போன' எண்டா."

ஆக, ஒரு குளிசை ஒழுங்காக வேலை செய்ய அதற்குள் இருக்கிற மருந்து மட்டும் காணாது, ஒரு கிரைப் வாட்டர் பெட்டியும், ஒன்றும் விளங்காத ஒரு லோஞ்சுக்காரரும், பொல்லாத மாமி ஒருத்தியும் வேண்டும் என்பதுதான் இத்தனை வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் படித்த மருந்தியல்.